வீட்டு பேக்கிங்குக்கு நீடித்து உழைக்கும் ஸ்டாண்ட் மிக்ஸரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மாவு பிசையவும் முட்டை, கிரீம் அடிக்கவும் மேடையில் நிற்கும் ஸ்டாண்ட் மிக்ஸரை வாங்க நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது பெரும்பாலும் "எத்தனை வாட்ஸ்?" என்பதைத்தான். மிக்ஸி வாங்கிப் பழகிய வீடுகளில் இந்தக் கேள்வி தானாகவே வாயில் வந்துவிடுகிறது. 500 வாட்ஸ் மிக்ஸி திணறும் இடத்தில் 750 வாட்ஸ் மிக்ஸி மிளகாயையும் மஞ்சளையும் அரைத்துத் தள்ளுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் ஸ்டாண்ட் மிக்ஸரின் ஆயுளை முடிவு செய்பவை வேறு இரண்டு. ஒன்று, வாரா வாரம் அதில் நீங்கள் பிசையப் போகும் மாவின் பளு. மற்றொன்று, அதன் உள்ளே தேயக்கூடிய பாகங்கள் நம் ஊரில் தனியாகக் கிடைக்குமா என்பது. தமிழ்நாட்டில், 230 வோல்ட் மின்சாரத்தில், வாரம் இரண்டு மூன்று முறை பேக் செய்யும் ஒரு வீட்டை மனத்தில் வைத்து, வாங்குவதற்கு முன்பும் வாங்கிய பின்பும் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: தேவைதானா என்று பாருங்கள்

முட்டையில்லாத கேக்குக்கு ஸ்டாண்ட் மிக்ஸர் வேண்டியதே இல்லை. தயிரோ பாலோ எண்ணெயோ சேர்த்துச் செய்யும் அந்தக் கலவையைக் கைக் கரண்டியால் கிளறினால் போதும்; இயந்திரத்தில் அதிக நேரம் சுழலவிட்டால் மைதாவின் பசைத்தன்மை கூடிக் கேக் இறுகிப்போகும். பிறந்தநாள் கேக்கின் மேல் பூசும் விப்பிங் கிரீமை அடிக்க, கையில் பிடிக்கும் பீட்டரே தாராளமாகப் போதும். சப்பாத்தி மாவு மட்டும்தான் உங்கள் கவலை என்றால், டேபிள் டாப் கிரைண்டர் பலவற்றுடன் வரும் மாவு பிசையும் இணைப்பை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள்; அட்டைப்பெட்டியிலேயே தூங்கிக்கொண்டிருக்கும் அந்த இணைப்பு பல வீடுகளுக்குப் போதுமானது.

ஸ்டாண்ட் மிக்ஸர் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடங்கள் மூன்று: ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும் பன், பாவ், பிரெட் மாவு, முழு முட்டையைச் சர்க்கரையுடன் நெடுநேரம் நுரைக்க அடித்துச் செய்யும் ஸ்பாஞ்சு, வெண்ணெயை வெளுக்கும் வரை அடிக்க வேண்டிய பட்டர்கிரீம். இவற்றில் பின்னிரண்டும் இயந்திரத்துக்கு இலகுவான வேலைகள். இயந்திரத்தைச் சாகடிப்பது முதலாவது வேலைதான். ஆகவே நீடித்து உழைக்குமா என்ற கேள்வியை, பிரெட் மாவைத் தாங்குமா என்றே நீங்கள் வாசித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: உங்கள் மாவை எடை போடுங்கள்

வழக்கமான ஒரு பாவ் மாவை எடுத்துக்கொள்வோம். 500 கிராம் மைதா, 325 மில்லி தண்ணீர், 30 கிராம் வெண்ணெய், 30 கிராம் சர்க்கரை, அத்துடன் உப்பும் ஈஸ்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 900 கிராம் மாவு வரும். 75 கிராம் வீதம் உருட்டினால் 12 பாவ் கிடைக்கும். இது ஒரு குடும்பத்துக்கான அளவு. இதில் மைதாவின் எடைக்குத் தண்ணீரின் எடை 65 சதவீதம். இந்தச் சதவீதம் குறையக் குறைய மாவு இறுகி, இயந்திரத்தின் மேல் விழும் பளு கூடும். 75 சதவீதத் தண்ணீர் விட்ட தளர்ந்த மாவைச் சிரமமில்லாமல் சுற்றும் அதே இயந்திரம், 55 சதவீதத்தில் பிசையும் பேகல் (வளைய வடிவ ரொட்டி) மாவில் உறுமத் தொடங்கிவிடும். கோதுமை மாவில் தவிடு தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால், அதே அளவு தண்ணீரில் அது மைதாவைவிட இறுக்கமாக இருக்கும். ஆகவே மைதாவுக்குச் சொல்லப்பட்ட உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கோதுமை மாவைப் போடாமல் இருப்பது நல்லது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு கிண்ணத்தின் கொள்ளளவை மட்டுமே சொல்கிறது. 5 லிட்டர் கிண்ணம் என்பதால் ஒன்றரைக் கிலோ மாவைப் பிசையும் என்று பொருளில்லை. கையேட்டில் "அதிகபட்ச மாவு" என்று தனியாக ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அது எந்த வகை மாவுக்கு, எத்தனை நிமிடத்துக்கு என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அந்த எண்ணில் அறுபது, எழுபது சதவீதத்தைத் தான் அன்றாட அளவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் வழக்கமான மாவு அந்த வரம்புக்குள் அடங்காவிட்டால், அடுத்த பெரிய மாடலுக்குப் போங்கள்.

அதற்காகத் தேவைக்கு மேல் பெரிதாக வாங்குவதும் தவறு. 7 லிட்டர் கிண்ணத்தில் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவைப் போட்டால் விஸ்க்கின் (கம்பி மத்து) நுனி அதைத் தொடாமலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு நாலரை முதல் ஐந்து லிட்டர் சரியான அளவு.

மூன்றாம் படி: மூடிக்கு உள்ளே இருப்பதைப் பற்றிக் கேளுங்கள்

வாட்ஸ் என்பது இயந்திரம் மின்கம்பியிலிருந்து இழுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவு. அதில் எவ்வளவு மாவுக்குப் போய்ச் சேர்கிறது, எவ்வளவு வெப்பமாகவும் சத்தமாகவும் வீணாகிறது என்பதை அந்த எண் சொல்லாது. 230 வோல்ட் நாடுகளில் விற்கும், கிச்சன்எய்ட் நிறுவனத்தின் ஆர்ட்டிசன் ஸ்டாண்ட் மிக்ஸர் 300 வாட்ஸ்தான். அதன் விலையில் நான்கில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் சில இயந்திரங்களின் பெட்டியில் 1,200, 1,500 என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். மாவு பிசையும்போது வேண்டியது வேகம் அல்ல, மெதுவாகச் சுற்றும்போதும் குறையாத முறுக்குவிசை, அதாவது சுற்றும் பலம். வேகமாகச் சுழலும் மோட்டாரை வலுவான கியர்களால் மெதுவாக்கினால் வேகம் குறையும் அளவுக்கு முறுக்குவிசை பெருகும். அதே மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் குறைத்து மெதுவாக்கினால் விசையும் சேர்ந்து குறைந்துபோகும். மாவு கனக்கும்போது அதைப் பிசையும் கொக்கி தயங்கி நிற்கும். நின்ற மோட்டாருக்குள் வெப்பம் ஏறும். பளு ஏறும்போது வேகத்தைத் தானாகவே நிலைப்படுத்தும் வசதி உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கையேட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த இயந்திரம் பேக்கரியில் பிறந்து வீட்டுக்கு வந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஹோபார்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் உருவாக்கிய 80 குவார்ட், அதாவது சுமார் 75 லிட்டர் கொள்ளும் மிக்ஸர் 1914-இல் வணிகப் பேக்கரிகளுக்காக வந்தது. அதைச் சுருக்கி 1919-இல் வீட்டுக்கென விற்றதே முதல் கிச்சன்எய்ட். சுவீடனில் 1940-இல் வந்த அசிஸ்டென்ட், இன்று அன்கர்ஸ்ரம் என்ற பெயரில் கிடைக்கிறது. அதில் கொக்கி நின்ற இடத்தில் நிற்க, கிண்ணமே சுற்றும். இங்கிலாந்தில் கென்னத் வுட் 1950-இல் கொண்டுவந்த கென்வுட் செஃப் மூன்றாவது. இந்தப் பெயர்களில் பல பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய இயந்திரங்கள் இன்றும் ஓடுவதற்குக் காரணம் அவை பழுதாகாதவை என்பதல்ல. தேய்ந்த பாகத்தைக் கழற்றி வேறு பாகம் போட முடிகிறது என்பதுதான்.

கிச்சன்எய்டின் பல மாடல்களில், மோட்டாரின் சுருள்பல் தண்டோடு இணையும் கியரை மட்டும் மற்றவற்றைவிட மென்மையான பொருளில் செய்வார்கள். அளவுக்கு மீறிய மாவைப் போட்டால் அந்தக் கியரின் பற்கள் முதலில் உதிரும், மோட்டார் பிழைத்துக்கொள்ளும். இதை அறியாதவர்கள் "உள்ளே பிளாஸ்டிக் கியர் வைத்து ஏமாற்றுகிறார்கள்" என்று குறைபட்டுக்கொள்வதுண்டு. தனியாக மாற்றக்கூடிய ஒரே ஒரு மென்மையான கியர் பாதுகாப்பு ஏற்பாடு. எல்லாக் கியர்களுமே பிளாஸ்டிக்காக இருந்து, எதுவும் தனியாகக் கிடைக்காமல் இருப்பதுதான் குறை. கென்வுட் செஃப் வகைகளில் மோட்டாருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஒரு பெல்ட் இருக்கிறது. கிரைண்டருக்கு பெல்ட் மாற்றிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மோட்டார் வகையைப் பொறுத்தவரை, கார்பன் பிரஷ் உள்ள ஏ.சி. மோட்டாரைத்தான் நான் பரிந்துரைப்பேன். பிரஷ் தேயும், தேயும்போது தீப்பொறியும் கருகல் வாடையும் வரும், அப்போது இரண்டு பிரஷ்களையும் சேர்த்து மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) எரிந்தால்கூடச் சிறிய ஊர்களிலும் மோட்டார் வைண்டிங் கடை உண்டு. டி.சி. மோட்டார் சத்தம் குறைந்தது, நன்றாகவும் இழுக்கும். ஆனால் அதை இயக்கும் சர்க்யூட் போர்டு மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் போய்விட்டால், அதே மாடலின் போர்டு நிறுவனத்திடமிருந்துதான் வந்தாக வேண்டும்.

நான்காம் படி: கடையில் கையால் சோதியுங்கள்

இணையத்தில் விலை குறைவாக இருந்தாலும், ஒருமுறையாவது கடைக்குப் போய் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். முதலில் தூக்கிப் பாருங்கள். உலோக வார்ப்பில் செய்த உடலுள்ள இயந்திரம் பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும். அந்தக் கனம்தான் மாவு பிசையும்போது மேடையில் அது நகராமல் காக்கிறது. ஐந்து கிலோ இயந்திரம் அடியில் ரப்பர் உறிஞ்சுகளை வைத்துக்கொண்டு கிரானைட் மேடையைப் பிடித்துக்கொள்ளும்; ரப்பர் காய்ந்தபின் மெல்ல மேடையின் விளிம்பை நோக்கி நகரும். இயங்கும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டிய இயந்திரத்துக்கு எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்?

அடுத்து, மோட்டார் இருக்கும் மேற்பகுதியான தலையைப் பின்னால் சாய்க்கும் வகையாக இருந்தால், தலையை இறக்கிப் பூட்டிவிட்டு, இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். இம்மியளவு ஆட்டம் இருந்தால் பரவாயில்லை. டொக் டொக் என்று தட்டும் அளவுக்கு ஆடினால் அந்தக் கீலுக்கு ஆயுள் குறைவு. கொக்கியில் உருண்டையாகச் சேர்ந்த மாவு ஒவ்வொரு சுற்றிலும் கிண்ணத்தின் சுவரில் மோதித் தலையை மேலே தள்ளும். அந்த உதை முழுவதையும் தாங்குவது கீலில் இருக்கும் ஒரே ஒரு ஊசியும் அதைப் பிடித்திருக்கும் திருகும்தான். அந்தத் திருகு வெளியிலிருந்தே இறுக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் பிரெட் செய்பவர்கள், தலை அசையாமல் கிண்ணம் மட்டும் நெம்புகோலால் மேலேறும் வகையை வாங்குவதே நல்லது.

பிறகு கிண்ணத்துக்கும் பீட்டருக்கும் உள்ள இடைவெளி. கடைக்காரர் அனுமதித்தால் தட்டையான பீட்டரை மாட்டி, காலிக் கிண்ணத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். பீட்டர் கடந்து போகும்போதெல்லாம் நாணயம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நகர்ந்தால் இடைவெளி சரியாக இருக்கிறது. நாணயம் அசையாவிட்டால் அடியில் மைதா கலக்காமல் தங்கும். பீட்டர் நாணயத்தை இழுத்துக்கொண்டே சுற்றினால் கிண்ணத்தையும் உரசும். இந்த இடைவெளியைச் சரிசெய்யத் திருகு வைத்திருக்கும் மாடல்களை மட்டும் பாருங்கள், ஏனென்றால் நாளடைவில் அது மாறியே தீரும்.

பீட்டர்களின் உலோகத்தையும் கவனியுங்கள். பளபளப்பாக்கிய வெறும் அலுமினியம் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போனால் கறுத்து, துடைக்கும் துணியிலும் மாவிலும் சாம்பல் நிறம் ஒட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிறந்தது. மேற்பூச்சு உள்ளவை சில்லு பெயரும் வரைதான் நல்லவை.

ஐந்தாம் படி: அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள்

இயந்திரத்தைச் சாய்த்து அடிப்பக்க லேபிளைப் பாருங்கள். சிலவற்றில் "கே.பி." (KB) என்ற இரண்டு எழுத்துகளும் பக்கத்தில் 5 நிமிடம், 10 நிமிடம் என்று ஓர் எண்ணும் இருக்கும், தொடர்ந்து அதிகபட்சம் அவ்வளவு நேரம்தான் ஓட்டலாம், பிறகு ஆறவிட வேண்டும் என்பது அதன் பொருள். பிரெட் மாவு பதத்துக்கு வர எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும் என்பதால், 5 நிமிட இயந்திரம் ஒவ்வொரு முறையும் தன் எல்லையைத் தாண்டியே உழைக்க வேண்டியிருக்கும்.

மின் இணைப்பைப் பற்றி அச்சப்பட வேண்டாம். 1,000 வாட்ஸ் இயந்திரம் 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர் அளவே இழுப்பதால் சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் போதும். உலோக உடல் என்பதால் எர்த் மட்டும் சரியாக இருந்தாக வேண்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தப் பாயிண்டின் எர்த்தைச் சோதித்துவிடுங்கள். மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள். சைன் வேவ் அல்லாத இன்வெர்ட்டரில் மோட்டார் முனகிக்கொண்டே சூடேறும்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கிவரச் செய்யும் வழக்கம் நம்மிடையே உண்டு. விலை குறைவாகத் தெரிந்தாலும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அந்த இயந்திரத்தை நம் வீட்டுச் சுவரில் நேராகச் செருகினால் கண்ணிமைக்கும் நேரத்தில் புகைந்துவிடும். மின்னழுத்தத்தை இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 325 வாட்ஸ் இயந்திரத்துக்கு அதைப்போல் இருமடங்குக்கு மேல் தாங்கும் 750 அல்லது 1,000 வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் என்றால், மேடையில் இன்னொரு கனத்த பெட்டிக்கும் இடம் பார்க்க வேண்டும். பயணிகளுக்கென்று விற்கும் இலேசான எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர்கள் மோட்டாருக்கு ஆகாதவை. அங்கே வாங்கியதன் வாரண்டியும் பெரும்பாலும் இங்கே செல்லாது. துபாய், சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து வருபவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. மின்னழுத்தம் நம்முடையதைப் போன்றதுதான், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: பணம் கட்டுவதற்கு முன் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன்

இந்த ஒரு போனைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமானது. விற்பனைப் பிரிவுக்கு அல்ல, சர்வீஸ் பிரிவுக்கே அழைத்து, மாடல் எண்ணையும் உங்கள் பின்கோடையும் சொல்லி, இந்த மாடலின் கியர் செட் தனியாகக் கிடைக்குமா, கார்பன் பிரஷ் இருக்கிறதா, கிண்ணமும் கொக்கியும் தனித்தனியே விற்கிறீர்களா, வீட்டுக்கு வந்து பார்ப்பீர்களா அல்லது நாங்கள் கொண்டுவர வேண்டுமா என்று கேளுங்கள். "கியர் பாக்ஸ் முழுவதையும்தான் மாற்ற வேண்டும்" என்று பதில் வந்தால் அதன் விலையைக் கேளுங்கள். இயந்திரத்தின் விலையில் பாதியை அது தாண்டினால், நீங்கள் வாங்கப் போவது ஒருமுறை பழுதானதும் தூக்கிப்போட வேண்டிய பொருள்.

வீட்டிலிருந்தே கேக் விற்பவர்கள் வாரண்டி அட்டையின் சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான மாடல்களில், வணிகப் பயன்பாட்டுக்கு வாரண்டி இல்லை என்ற வரி ஏறக்குறைய எப்போதும் இருக்கும். நாள்தோறும் இரண்டு மூன்று கிலோ மாவு பிசைபவர்கள் பேக்கரி உபகரணக் கடையில் மாவு பிசைவதற்கென்றே உள்ள சிறிய ஸ்பைரல் மிக்ஸரைப் பார்ப்பதே சிக்கனம்.

ஏழாம் படி: வாங்கிய முதல் வாரத்திலேயே பளு ஏற்றிப் பாருங்கள்

பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவையுங்கள்; மாற்றித் தரும் கெடு முடியும் வரை பெட்டியையும் தெர்மாகோலையும் எறியாதீர்கள். புது இயந்திரத்தைக் கிரீம் அடித்துச் சோதிப்பதில் பயனில்லை. மேலே சொன்ன 500 கிராம் பாவ் மாவை முதல் வாரத்திலேயே பிசையுங்கள். எட்டு நிமிட முடிவில் தலையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்: வெதுவெதுப்பாக இருக்கலாம், கையை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுடக் கூடாது. முதல் ஓரிரு முறை இலேசான வார்னிஷ் வாடை வருவது இயல்பு. வேகம் ஏறி இறங்கினாலோ, ஒரே சீராக இல்லாமல் கரகரவென்று சத்தம் வந்தாலோ தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

எட்டாம் படி: பிசையும் முறையையும் பராமரிப்பையும் பழகிக்கொள்ளுங்கள்

மாவு பிசையும்போது இரண்டாம் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று கிச்சன்எய்ட் தன் கையேட்டிலேயே எச்சரிக்கிறது. மற்ற இயந்திரங்களுக்கும் குறைந்த வேகமே பாதுகாப்பு. மைதாவையும் தண்ணீரையும் ஈரம் பரவும் அளவுக்கு மட்டும் கலந்து, இருபது நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிறகு பிசைந்தால், பசைத்தன்மை பாதி தானாகவே உருவாகியிருக்கும். இயந்திரத்தின் வேலை நேரமும் குறையும். நம் கோடைக்காலத்தில் குளிர்ந்த தண்ணீரையே ஊற்றுங்கள், ஏனென்றால் உராய்வு வெப்பமும் அறையின் வெப்பமும் சேர்ந்தால் மாவு பிசுபிசுத்துக் கொக்கியின் மேலேறும். அப்படி ஏறினால் நிறுத்தி, மாவை வழித்துக் கீழே தள்ளிவிட்டுத் தொடருங்கள்; வேகத்தைக் கூட்டி மாவை இறக்கப் பார்க்காதீர்கள்.

வேலை முடிந்ததும் காற்றுத் துளைகளில் படிந்த மைதாவை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஆறிய பிறகு துணியால் மூடி வையுங்கள். வெதுவெதுப்பும் மாவும் ஒருசேரக் கிடைக்கும் இடத்தைக் கரப்பான்பூச்சி விடாது; உள்ளே குடியேறினால் சர்க்யூட் போர்டையும் கெடுத்துவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று படும் என்பதால், கொக்கி மாட்டும் தண்டைக் கழுவித் துடைத்த பின் ஒரு துளி சமையல் எண்ணெய் தடவினால் துருப்பிடிக்காது.

சில ஆண்டுகள் கழித்து, பீட்டர் மாட்டும் இடத்திலிருந்து கறுத்த எண்ணெய் ஒரு துளி சொட்டக்கூடும். இயந்திரம் அதிக நாள் ஓடாமல் நின்றால் உள்ளே இருக்கும் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து கசிவதே காரணம். துடைத்துவிட்டு, காலியாகவே இரண்டு நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். திரும்பத் திரும்பக் கசிந்தால் பழைய கிரீஸை முழுவதும் வழித்தெடுத்து, உணவுத் தொழிலுக்கென்று விற்கும் கிரீஸை நிரப்ப வேண்டும். வண்டிக்குப் போடும் கிரீஸை மெக்கானிக் போட விடாதீர்கள். மூடியைத் திறக்கும் அதே நாளில் கியர் பற்களையும் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். பற்களின் நுனி கத்திபோல் கூராகியிருந்தால், உடையும் வரை காத்திராமல் அப்போதே மாற்றிவிடலாம்.